எழுதுகருவியைத் தமிழுக்குப் பழக்குதல்

தோட்டப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர், கோலா கங்சார்

எழுதுவோர்க்கும் எழுதுகருவிக்கும் உள்ள உறவு மிகப் பழமையானது. ஓலையில் எழுதிய காலத்தில், ஏட்டைத் தேர்ந்தெடுப்பதும், வேகவைத்து உலர்த்துவதும், மெருகிட்டு அளவாக நறுக்குவதும் எழுத்து வேலையின் பகுதியாகவே இருந்தன. கீறிய எழுத்துக் கண்ணுக்குத் தெரியும்பொருட்டுக் கரி தடவினர். ஓலை பொத்துப்போகும் என்று அஞ்சிப் பலர் மெய்யெழுத்தின் புள்ளியை விட்டே எழுதினர். கருவி எழுத்தை மாற்றியது; எழுதினோரும் கருவியைத் தம் தேவைக்கேற்பப் பதப்படுத்திக் கொண்டனர்.

தட்டச்சுப் பொறி வந்தபோதும் இதே நிலைதான். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, 1907இல் மலாயா வந்து, சிங்கப்பூரில் பணிபுரிந்த ஆர். முத்தையா அவர்களே தமிழ்த் தட்டச்சின் தந்தை எனப்படுகின்றார். ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, நமக்கோ 247. அத்தனையையும் சில பத்து விசைகளில் அடக்குவது எங்ஙனம்? உருளையை நகர்த்தாமல் குறியை மட்டும் பதிக்கும் ‘நகரா விசை’யை அவர் பயன்படுத்தினார். புள்ளியும் விசிறிக் குறியும் இவ்வாறு எழுத்தின்மேல் ஏறி அமர்ந்தன. ஆங்கிலத்துக்கென அமைந்த எந்திரத்தைத் தமிழுக்குப் பழக்கியவர் அவர்.

இன்று கணினியும் கைப்பேசியும் ஆயத்த நிலையில் நம் கைக்கு வருகின்றன. அவை காட்டும் வழியே எழுதுகின்றோம். அவற்றை நம் வழிக்குத் திருப்ப முயல்வது அரிது. நம்மைப் பற்றியோ தமிழைப் பற்றியோ ஒன்றும் அறியாத நிலையில் வந்து நிற்கும் ஓர் எழுதுகருவியை, முற்றிலும் வெறுமையான நிலையிலிருந்து தமிழ் வேலைக்கு அமைத்துக் கொள்வது எப்படி என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். கணினித் துறை சாராத தமிழாசிரியர்களை மனத்திற்கொண்டே இது எழுதப்படுகின்றது.

ஏன் இந்த முயற்சி?

பேராக் மாநிலத்தில் பல தோட்டங்கள் இன்று பெயரளவில்கூட இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தனர். சில பள்ளிகளும் அவர்களைப் பின்தொடர்ந்து இடம் மாறின. அந்தத் தோட்டங்களில் வாழ்ந்தோர் யார், என்ன பாடினர், பிள்ளைகள் எதைப் பற்றிக் கட்டுரை எழுதினர் என்பதற்கெல்லாம் பல இடங்களில் எஞ்சியுள்ள சான்று ஒன்றே ஒன்று: பள்ளி மலர்.

அம்மலர்களுள் 1990களிலும் அதன் பின்னரும் கணினியில் அச்சுக்கோத்தவை பல. அச்சான படிகள் கறையான் வாய்ப்பட்டாலும் கணினிக் கோப்பு இருக்கின்றதே என்று நாம் ஆறுதல் கொள்கின்றோம். ஆனால் அக்கோப்பை இன்றைய கணினியில் திறந்தால் தமிழ் தோன்றுவதில்லை. தலையிலும் காலிலும் குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகளே வரிவரியாகத் தோன்றுகின்றன.

காரணம் இதுதான். கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். எந்த எண் எந்த எழுத்துக்கு உரியது என்ற உடன்பாடே குறிமுறை எனப்படும். அக்காலத்து எழுத்துருக்கள் பல, ஐரோப்பிய எழுத்துகளுக்கு உரிய எண்களில் தமிழ் வடிவங்களைக் குடியேற்றின. ஒவ்வொரு நிறுவனமும் வெவ்வேறு வகையில் குடியேற்றியது. ஆகவே எந்த எழுத்துருவில் அடித்தோமோ அந்த எழுத்துரு இருக்கும்வரைதான் அக்கோப்புத் தமிழாக இருக்கும். எழுத்துரு தொலைந்தால் உரையும் தொலைந்தது போலத்தான்.

இந்நிலையை மாற்ற உழைத்தோருள் நம் வட்டாரத்தவர் முன்னின்றனர். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கினார். சிங்கப்பூரில் ஆசிரியராகவும் எழுத்தாளராகவும் விளங்கிய நா. கோவிந்தசாமி ‘கணியன்’ முறையை உருவாக்கினார். முதல் தமிழ் இணைய மாநாடு 1997இல் சிங்கப்பூரிலேயே கூடியது. 1999இல் சென்னையில் கூடிய மாநாட்டின் பயனாகத் தமிழ்99 என்னும் விசைப்பலகை முறை வகுக்கப்பட்டது. 2001ஆம் ஆண்டு மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண் வழங்கும் ஒருங்குறியில் தமிழ் 1991 முதலே இடம்பெற்றிருந்தாலும், அது அன்றாட வழக்கிற்கு வரப் பல்லாண்டுகள் ஆயின.

ஒருங்குறியில் எழுதிய உரை எழுத்துருவைச் சார்ந்ததன்று. அதனையே, பக்க அழகு, வண்ணம் முதலிய எதுவும் கலவாமல், வெறும் எழுத்தாகச் சேமித்தால் எந்தக் கணினியும் எக்காலத்தும் படிக்கும் என்று பெரும்பாலும் நம்பலாம். இத்தகைய வெற்றுரையைக் கையாளும் கருவியே உரைத் திருத்தி.

உரைத் திருத்தியும் சொற்செயலியும்

சொற்செயலி என்பது எழுத்தோடு பக்கத்தின் தோற்றத்தையும் சேர்த்து வைப்பது. அழைப்பிதழுக்கும் அலுவலகக் கடிதத்துக்கும் ஏற்றது. உரைத் திருத்தியோ எழுத்தை மட்டும் வைப்பது. நெல்லும் உமியும் போல இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டும். தோற்றம் ஆண்டுதோறும் மாறும், எழுத்து மாறலாகாது.

உரைத் திருத்திகள் பல உள்ளன. பில் ஜாய் 1976இல் எழுதிய விஐ, அதன் வழியில் பிராம் மோலனார் 1991இல் வெளியிட்ட விம் ஆகியவை ஒரு குடும்பம். இக்கட்டுரைக்கு எடுத்துக்கொண்டது ஈமேக்ஸ். அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வுக்கூடத்தில் 1976இல் அது பிறந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் அதனைப் பின்னர்ப் புதிதாக எழுதி, யாவரும் விலையின்றிப் பெறவும் திருத்தவும் பகிரவும் உரிமை தந்து 1985இல் வெளியிட்டார். கெனிச்சி ஹண்டா முதலிய ஜப்பானிய ஆய்வாளர்கள் அமைத்த பன்மொழி வசதி 1997இல் அதனுள் சேர்ந்தது. தமிழின் கூட்டெழுத்து வடிவங்களைச் செவ்வையாகக் கோக்கும் ஹார்ஃப்பஸ் என்னும் பொறி, 2020இல் வெளிவந்த 27ஆம் பதிப்பிலிருந்து அதன் இயல்பான பகுதியாயிற்று. தமிழ்99 உள்ளீட்டு முறையும் இப்போது உடன்வருகின்றது.

ஆயினும் முதன்முதலில் திறந்து பார்ப்போர்க்கு அது வறண்ட காடாகவே தோன்றும். எதை எங்கே அழுத்துவது என்று தெரியாது. எங்கள் கோலா கங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டது 1877இல். ஆனால் மரத்தைக் கெடுக்காமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் ரிட்லி 1890களில் ஆய்ந்து காட்டிய பின்னரே அம்மரத்தின் அருமை விளங்கிற்று. மரம் முன்னே வந்தது. வெட்டும் முறை பின்னே வந்தது. புதிய கருவிக்கும் இஃதே முறை. கருவி வீண் என்று தள்ளுமுன் வெட்டும் முறையை அறிய வேண்டும்.

மூன்று நெறிகள்

ஈமேக்ஸை அமைப்பதென்பது, ‘இனிட்’ என்னும் பெயருடைய ஒரு கோப்பில் கட்டளை வரிகளை எழுதுவதே. திருத்தி ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அக்கோப்பைப் படித்து அதன்படி நடக்கும். தொடக்கத்தில் அக்கோப்பு இராது. நாமே உண்டாக்க வேண்டும். இங்கேதான் இருவழி பிரிகின்றது.

பிறர் ஒருவர் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த ஆயிரம் வரிகளை அப்படியே படியெடுத்துக் கொள்வது ஒரு வழி. அது விரைவானது, முதல் நாளிலேயே எல்லாம் அழகாகத் தோன்றும். ஆனால் ஏதேனும் ஒன்று கெட்டால், எந்த வரி எதற்காக இருக்கின்றது என்று தெரியாமல் திகைக்க நேரும். நோட்ஸ் நூலைப் பார்த்து விடையெழுதிய மாணவனை ‘ஏன்’ என்று ஒரு கேள்வி கேட்டால் விழிப்பதைப் போன்றது இது.

வெற்றுக் கோப்பிலிருந்து தொடங்குவது மற்றொரு வழி. அதற்கு மூன்று நெறிகள் போதும்.

முதலாவது, தேவை முளைக்கும்முன் வரி எழுதலாகாது. திருத்தியோடு வரும் பயிற்சிப் பாடத்தைக் கண்ட்ரோல்-எச், பிறகு டி என்று அழுத்தித் திறந்து, ஒரு வாரம் நாளுக்கு அரைமணி நேரம் பழகுக. எதையும் மாற்றாமல் பழகினால்தான் எங்கே இடறுகின்றோம் என்பது தெரியும். அந்த இடறலே தேவை.

இரண்டாவது, தேவை ஒன்றுக்கு வரி ஒன்று. ஒன்றை எழுதி, அதன் விளைவைக் கண்டு, சில நாள் புழங்கிய பின்னரே அடுத்ததற்குச் செல்க. ஐந்து வரிகளை ஒருங்கே சேர்த்தால் நன்மையோ தீமையோ எதனால் விளைந்தது என்று அறிய இயலாது.

மூன்றாவது, வரி ஒவ்வொன்றுக்கும் தமிழில் உரை எழுதுக. இதுவே இன்றியமையாதது. ஈமேக்ஸின் கட்டளை மொழியில் அரைப்புள்ளி இட்டுத் தொடங்கும் பகுதியை எந்திரம் படிக்காது. அது மனிதர்க்கே உரியது. அங்கே தமிழில் எழுதத் தடை இல்லை. நம் இலக்கண நூல்கள் மூலமும் உரையுமாகவே நமக்கு வந்துள்ளன. இளம்பூரணரும் பின்வந்தோரும் உரை எழுதியிராவிடின் தொல்காப்பிய நூற்பாக்கள் பல நமக்குப் பூட்டிய பெட்டிகளாகவே இருந்திருக்கும். உரையைக் காண்டிகை என்றும் விருத்தி என்றும் நம் முன்னோர் பிரித்தனர். இங்கே வேண்டுவது சுருக்கமான காண்டிகையே. எந்தத் தேவைக்காக இவ்வரி, எப்போது சேர்த்தது, நீக்கினால் என்ன நேரும் என்ற மூன்றுக்கும் விடை இருந்தால் போதும்.

ஐந்து தேவைகள், ஐந்து வரிகள்

தமிழ் எழுதுவோர்க்கு முதலில் எழும் தேவைகளை முறையாகக் காண்போம். கட்டளைப் பெயர்களைக் கோப்பில் ஆங்கில எழுத்திலேயே, சொற்களுக்கிடையே சிறுகோடு இட்டு எழுத வேண்டும். இங்கே ஒலிப்பை மட்டும் தருகின்றேன்.

முதல் தேவை, எழுதியது சிதையாமல் சேமிக்கப்படுதல். ஒருங்குறி எண்களைக் கோப்பில் எழுதிவைக்கும் வழிகளுள் இன்று பெருவழக்கானது யூடிஎஃப்-8. சில கணினிகள் வேறு குறிமுறையை இயல்பாகக் கொண்டிருக்கும். எனவே ‘பிரிஃபர் கோடிங் சிஸ்டம்’ என்னும் கட்டளையால் யூடிஎஃப்-8 முறையை முதன்மையாக்குக. இதற்கான உரை இவ்வாறு இருக்கலாம்: ‘கோப்புகள் யாவும் ஒருங்குறியில் இருக்க வேண்டும். நீக்கினால் பிற கணினியில் தமிழ் சிதையக்கூடும்.’

இரண்டாம் தேவை, தமிழில் தட்டுதல். கணினிக்கே உரிய தமிழ் விசைப்பலகையை முடுக்கிவிட்டு ஈமேக்ஸில் எழுதினால் ஓர் இடையூறு உண்டு. அதன் கட்டளைகள் யாவும் ஆங்கில எழுத்து விசைகளைச் சார்ந்தவை. விசைகள் முழுவதும் தமிழாகிவிட்டால் கட்டளைகள் அதன் காதில் விழாமற் போகலாம். ஆதலின் திருத்தி தனக்கெனத் தனி உள்ளீட்டு முறை வைத்துள்ளது. அது எழுத்தை மட்டும் தமிழாக்கும், கட்டளைகளைத் தொடாது. ‘டிஃபால்ட் இன்புட் மெத்தட்’ என்பதற்குத் தமிழ்99 என மதிப்புத் தந்தால், கண்ட்ரோல் விசையோடு பின்சாய்கோட்டை அழுத்தும்போது தமிழுக்கும், மீண்டும் அழுத்தும்போது ஆங்கிலத்துக்கும் மாறலாம்.

ஆங்கில ஒலிப்பு வழியாகத் தமிழ் எழுதும் முறைகளும் அதில் உள்ளன. பழகியோர் அவற்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஆயினும் தமிழாசிரியர்க்குத் தமிழ்99 தனி இன்பம் தருவது. இடக்கைப் பக்கம் உயிர். வலக்கைப் பக்கம் மெய்களுக்குரிய அகரமேறிய எழுத்துகள். ககரத்தைத் தட்டி இகரத்தைத் தட்டினால் ‘கி’ பிறக்கும். ககரத்தை இருமுறை தட்டினால் முன்னது தானே புள்ளி பெற்று ‘க்க’ ஆகும். நகரத்தை அடுத்துத் தகரம் வந்தால் ‘ந்த’ ஆகும். ஙகரத்தை அடுத்துக் ககரம் வந்தால் ‘ங்க’ ஆகும். மெல்லினம் தன் இன வல்லினத்தோடு மயங்கும் என்று வகுப்பில் நாம் நடத்தும் பாடம் விசைப்பலகையிலேயே பொதிந்து கிடக்கின்றது. இன எழுத்துகளைக் கற்பிக்க இதனினும் எளிய துணைக்கருவி எளிதில் கிடையாது.

மூன்றாம் தேவை, கண்ணுக்கு உகந்த எழுத்துரு. ‘செட் ஃபான்ட்செட் ஃபான்ட்’ என்னும் கட்டளை, தமிழ் எழுத்துக்கு மட்டும் ஓர் எழுத்துருவைக் குறித்துக் கொடுக்க உதவுவது. ஆங்கிலத்துக்கு ஒன்றும் தமிழுக்கு மற்றொன்றுமாக வைத்துக்கொள்ளலாம். விண்டோஸ் கணினியில் லதா, ஆப்பிள் கணினியில் முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி, எக்கணினியிலும் நிறுவிக்கொள்ளத்தக்க நோட்டோ தமிழ் ஆகியவற்றுள் ஒன்றைக் கொள்க. நம் எழுத்துக்கு மேலும் கீழும் கொம்பும் சுழியும் உண்டு. ஆதலால் ‘லைன் ஸ்பேசிங்’ என்பதற்குச் சிறிது மதிப்புத் தந்து வரிகளை அகற்றினால் கண் களைக்காது.

நான்காம் தேவை, வரி மடங்குதல். தொடக்க நிலையில் திருத்தி, வரி நீண்டால் சொல்லின் நடுவிலேயே ஒடித்து அடுத்த வரிக்குத் தள்ளும். ‘குளோபல் விஷுவல் லைன் மோட்’ என்பதை இயக்கினால் சொல் சிதையாமல் மடங்கும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. நமக்கு இவ்வரி பிற மொழியாளர்க்கு வேண்டுவதினும் மிகுதியாக வேண்டும்.

ஐந்தாம் தேவை, பழைய படியின் பாதுகாப்பு. கோப்பைத் திருத்திச் சேமிக்கும்போது ஈமேக்ஸ் அதன் முந்தைய படியைப் பெயரின் இறுதியில் ஓர் அலைக்குறி இட்டு அருகிலேயே விட்டுவைக்கும். இது நன்மையே, எனினும் கோப்புறை நிறைந்து குப்பையாகத் தோன்றும். அதனை நிறுத்திவிடுவது அறிவுடைமை அன்று. ‘பேக்கப் டைரக்டரி ஏலிஸ்ட்’ என்பதன் வழியாக அப்படிகள் அனைத்தையும் தனியிடத்தில் சேர்க்கச் செய்க.

இந்த ஐந்து வரியும் ஐந்து உரையும் எழுதி முடித்தால், முதற்கட்டம் நிறைவுற்றது என்று கொள்ளலாம். நாள் பாடத்திட்டத்தின் தலைப்புகளைத் தானே இட்டுத் தருதல், மாணவர் பெயர்ப்பட்டியலை ஒரே சீராக்குதல் போன்றவை பின்னர்த் தாமே தேவையாக எழும். அப்போது அவற்றுக்குரிய வரிகளைத் தேடலாம். தேடுவதற்கும் வெளியே செல்ல வேண்டியதில்லை. கண்ட்ரோல்-எச், பிறகு கே என்று அழுத்தி ஒரு விசையைத் தட்டினால், அவ்விசை செய்வது யாது என்று திருத்தியே விளக்கும். தன்னைத் தானே விளக்கிக்கொள்ளும் அகராதி அதன் வயிற்றிலேயே உள்ளது.

எழுத்தின் உள்ளே பார்த்தல்

தமிழாசிரியர்க்கு இக்கருவியால் விளையும் பெரும்பயன் ஒன்று உண்டு. எழுத்தின்மேல் நின்று கண்ட்ரோல்-எக்ஸ், பிறகு சமக்குறி என்று அழுத்தினால், அங்கே உண்மையில் எந்தக் குறி இருக்கின்றது என்பதை எண்ணோடு சொல்லும். கண்ட்ரோல்-யூ என்று முன்னொட்டுச் சேர்த்தால் விளக்கம் விரியும்.

‘தமிழ்’ என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். இலக்கணப்படி எழுத்து மூன்று. கணினியின் கணக்கிலோ தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து. யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றும் மூன்று பைட் இடங்கொள்ளும். ஆகச் சொல் முழுவதற்கும் பதினைந்து. நம் இலக்கணம் மெய்யை முதலாகக் கொண்டு உயிரேற்றும். ஒருங்குறியோ அகரமேறிய எழுத்தை முதலாகக் கொண்டு குறியையோ புள்ளியையோ சேர்க்கும். ஆகவேதான் ‘மி’ என்பதன் பின்னின்று பின்னழிப்பு விசையைத் தட்டினால் எழுத்து முழுவதும் போகாமல் குறி மட்டும் போய் ‘ம’ நிற்கின்றது. இது பழுதன்று, எழுத்துச் சேமிக்கப்பட்ட வகை அது.

அடுத்து ஒரு சிக்கல். ‘கொ’ என்பதை ஒகரக் குறி ஒன்றால் எழுதலாம். ஒற்றைக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் ஒன்றைத் தேடும்போது மற்றொன்று அகப்படாது. இவ்விரண்டையும் ஒரே சீராக்கும் கட்டளை திருத்தியில் உள்ளது; அதனை ஒருமுறை இயக்கினால் போதும்.

ஔகாரமோ அவ்வளவு எளிதன்று. ஔகாரக் குறியின் பிற்பகுதி பார்வைக்கு ளகரத்தை ஒத்திருக்கின்றது. அதனால் ‘கௌரவம்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ககரத்தோடு ஒற்றைக் கொம்பும், தனி ளகரமும் சேர்த்து எழுதுவோர் மிகப் பலர். அச்சில் வேறுபாடு தெரிவதில்லை. கணினியில் அவை இரு வேறு சொற்கள். ‘கௌரவம்’ என்று தேடுவோர்க்கு அந்தப் பக்கம் கிடைக்கவே கிடைக்காது.

ஒற்றைக் கொம்பும் ளகரமும் சேர்ந்த இடங்களை எல்லாம் ஔகாரமாக மாற்றுக என்று எந்திரத்துக்கு ஆணையிட்டால் என்ன? ‘தெளிவு’ கெடும், ‘வெள்ளம்’ கெடும், ‘கெளுத்தி’ மீனும் தப்பாது. அங்கெல்லாம் எகரமும் ளகரமுமே உண்மை எழுத்துகள். எது குறி, எது எழுத்து என்று அறிவது மொழியறிவு. எந்திரத்துக்கு அது இல்லை. இதற்கு ஏற்றது, கேட்டுக் கேட்டு மாற்றும் கட்டளை. ஆல்ட் விசையோடு விழுக்காட்டுக் குறியை அழுத்தி, மாற்ற வேண்டியதையும் மாற்றையும் கொடுத்தால், திருத்தி ஒவ்வோர் இடத்திலும் நின்று வினவும். ஆம் என்பதற்கு ஒய்; இல்லை என்பதற்கு என். விரைவு எந்திரத்தினுடையது, தீர்ப்பு ஆசிரியருடையது.

பழைய எழுத்துருக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றப் பொங்குதமிழ், என்எச்எம் மாற்றி போன்ற கருவிகள் உள்ளன. மாற்றிய பின்னரும் இத்தகைய கறைகள் எஞ்சி நிற்கலாம். அவற்றைக் களைந்து பள்ளி மலரைத் தூய உரையாக்கும் வேலைக்கே மேலே கண்ட பயிற்சி யாவும்.

பிழை வந்தால்

கட்டளை வரியில் ஓர் அடைப்புக்குறி விடுபட்டாலும் திருத்தி முறையிடும். அவ்விடத்துக்குப் பின்னுள்ள வரிகளைப் படிக்காமல் விட்டுவிடும். இதனால் அஞ்ச வேண்டியதில்லை. எழுதிய உரைகளுக்கு ஊறு ஒன்றும் நேராது. கெட்டது அமைப்புக் கோப்பு மட்டுமே.

கண்டறியும் முறை எளிது. கோப்பின் பிற்பாதி வரிகளின் முன் அரைப்புள்ளி இட்டு அவற்றை உரையாக்கி விடுக. திருத்தியை மீண்டும் திறக்குக. முறையீடு நின்றால் பிழை பிற்பாதியில், நில்லாவிட்டால் முற்பாதியில். பிழையுள்ள பாதியை மீண்டும் பாதியாக்குக. அறுபத்துநான்கு வரிகள் இருப்பினும் ஆறு முறையில் ஒரு வரியை எட்டிவிடலாம். மாணவர்க்குத் தருக்க முறையில் சிந்திக்கக் கற்பிக்க இதுவே ஒரு நல்ல பயிற்சி. வரிக்கு ஓர் உரை எழுதி வைத்தவர்க்கோ இவ்வளவும் வேண்டா. கடைசியாகச் சேர்த்த வரி எது என்று அவ்வுரையே சொல்லிவிடும்.

ஓர் ஐயம்

‘கைப்பேசியிலேயே தமிழ் எழுதலாமே, இத்தனை உழைப்பு எதற்கு?’ என்று அன்பர் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. பெற்றோருக்கு ஒரு செய்தி அனுப்பவும் வாழ்த்துக் கூறவும் கைப்பேசி போதும். அதற்கு ஈமேக்ஸ் வேண்டியதில்லை. பல பணிகளால் நெருக்குண்டிருக்கும் ஆசிரியரிடம் இதனையும் ஒரு சுமையாக ஏற்றுவது முறையுமன்று. பள்ளிக்கு ஒருவர், அவர்தாமும் விருப்புடையவராய் இருந்தால் போதும்.

ஆனால் பத்தாண்டு, இருபதாண்டு கழித்தும் படிக்கப்பட வேண்டியவை சில உண்டு: பள்ளி மலர், தோட்டத்து முதியோர் வாய்மொழியாகச் சொன்ன பாடலும் கதையும், வட்டார வழக்குச் சொற்கள், மாணவர் எழுத்து. இவற்றைத் தனியார் ஒருவரின் எழுத்துருவுக்குள்ளோ, உரிமக் காலம் முடிந்தால் திறவாத மென்பொருளுக்குள்ளோ அடைத்து வைத்தல் தகாது. முன்னைய எழுத்துருக்களால் நாம் பட்ட பாடு ஒருமுறை போதும்.

மேலும், கற்பிப்போர் இடையிடையே கற்போராக அமர்வது நலம். முதலாம் ஆண்டுப் பிள்ளை ‘அ’ எழுதக் கையைத் திருப்பும்போது எய்தும் திகைப்பை நாம் மறந்து நெடுநாளாயிற்று. ஐம்பதைக் கடந்த வயதில் முற்றிலும் புதிய கருவியின் முன் அமரும்போது அத்திகைப்பு மீண்டு வருகின்றது. எடுத்துக்காட்டுகளைக் கண்டு விதியை உணரும் விதிவருமுறையைப் பயிற்சிக் கல்லூரியில் நாம் பாடமாகக் கற்றோம். அதன் உண்மை இங்கே கையில் படுகின்றது. ஐந்தாறு வரிகளைத் தாமே எழுதிய பின்னர்தான் அம்மொழியின் விதி தானே புலப்படும். விதியை முதலில் மனனம் செய்தவர்க்கு வரி ஒன்றும் வாராது.

செய்யத்தக்கது

ஒவ்வொருவரும் தனித்தனியே வெற்றுக் கோப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்றால், ஒருவர் உழைப்பு மற்றவர்க்குப் பயன்படாதா? பயன்படும். உரையோடு கூடிய கோப்பைப் பகிர்வது வேறு. உரையில்லாத ஆயிரம் வரிகளைப் பகிர்வது வேறு. முன்னதைப் பெறுபவர் படித்து, தமக்கு வேண்டிய வரியை மட்டும், பொருளறிந்து எடுத்துக்கொள்வார். வேண்டாததை விடுவார். தம் பங்குக்கு ஒரு வரியும் ஓர் உரையும் சேர்த்து அடுத்தவர்க்குக் கொடுப்பார்.

வட்டாரத் தமிழாசிரியர் சந்திப்புகளில் இத்தகைய ஒரு கோப்பை வைத்துத் தொடங்கலாம். ஐந்து வரியோடு தொடங்கினால் போதும். கட்டளை ஆங்கில எழுத்தில் இருக்கட்டும். உரை நல்ல தமிழில் இருக்கட்டும். அதனுடன், ஒவ்வொரு பள்ளியும் தன்னிடமுள்ள பழைய மலர்க் கோப்புகளில் ஒன்றையேனும் இவ்வாண்டு ஒருங்குறிக்கு மாற்றி, ஔகாரமும் ஒகரமும் சரிபார்த்து, வெற்றுரையாகச் சேமித்து, இரண்டு இடங்களில் வைக்கட்டும். மாற்றுவதற்கு முன் மூலக் கோப்பை அழித்துவிடலாகாது. எழுத்துருவின் பெயரையும் குறித்து வைக்க வேண்டும். தோட்டம் போன பின்னும் அங்கே படித்த பிள்ளையின் கட்டுரையைத் தேடி ஒருவர் வருவாராயின், அவர் கையில் அது தமிழாகவே கிடைக்க வேண்டும்.